தசாய்ஃபு தென்மாங்கு கோயில்: கேள்வி பதில்

கேள்வி: ஜப்பானிய மாணவர்கள் தேர்வுக்கு முன் வழிபடும் தசாய்ஃபு தென்மாங்கு, உண்மையில் வாழ்ந்த ஓர் அறிஞருக்கு எழுந்த கோயில் என்கிறார்கள். அவர் எப்படித் தெய்வமானார்?

பதில்: அவர் பெயர் சுகவாரா நோ மிச்சிசானே. 845இல் பிறந்த அவர், குடிப்பிறப்பே பதவியைத் தீர்மானித்த கியோட்டோ அரசவையில், சீனச் செய்யுளிலும் வரலாற்றிலும் பெற்ற புலமையின் பலத்தால் வலப்பக்க அமைச்சர் என்னும் நிலை வரை உயர்ந்தார். அதைப் பொறாத சக அமைச்சர் ஃபுஜிவாரா நோ தோக்கிஹிரா அரசுக்கு எதிரான சதி என்று பழி சுமத்த, 901இல் கியூஷு தீவின் தசாய்ஃபுவுக்கு, பெயரளவில் ஒரு பதவியுடன், அவர் நாடு கடத்தப்பட்டு, 903இல் அங்கேயே இறந்தார். அதன்பின் 909இல் தோக்கிஹிராவும் 923இல் பட்டத்து இளவரசரும் அகால மரணமடைந்தார்கள். மிச்சிசானேயின் சினமே காரணம் என்று அஞ்சிய அரசவை, பறித்த பதவியை இறந்தவருக்கே திருப்பியளித்தது. ஆனாலும் 930இல் அரண்மனையில் இடி விழுந்து அவையினர் சிலர் மாண்டார்கள். பேரரசர் தாய்கோவும் அதே ஆண்டில் காலமானார். இப்படி அச்சத்தில் தொடங்கிய வழிபாட்டில், கல்விக் கடவுள் என்னும் சாந்தமான முகம் பின்னாளில் சேர்ந்ததே.

கேள்வி: வளாகமெங்கும் படுத்திருக்கும் எருதுச் சிலைகள் ஏன் உள்ளன?

பதில்: அவருடைய உடலை ஏற்றிச் சென்ற வண்டியின் எருது வழியில் படுத்து எழ மறுத்ததால், அந்த இடத்திலேயே அடக்கம் செய்தார்கள் என்பது தலவரலாறு. உடன் வந்த சீடர் உமசாகே நோ யாசுயுகி 905இல் அங்கு ஒரு சிறு கோயில் எழுப்பினார். இறப்பைத் தீட்டாகக் கருதும் ஷின்டோ என்னும் ஜப்பானியப் பூர்வீகச் சமய மரபில், கல்லறையின் மேலேயே கோயில் நிற்பது அரிது. என்னைக் கேட்டால், இத்தலத்தின் தனிச்சிறப்பே அதுதான். எருதின் தலையைத் தடவினால் அறிவு வளரும் என்று நம்புவதால், வெண்கலச் சிலையின் தலையும் கொம்பும் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கும்.

கேள்வி: மூல மண்டபத்தில் திருப்பணி நடப்பதாகக் கேள்விப்பட்டேன். இப்போது போகலாமா?

பதில்: கொபாயகாவா தககாகே 1591இல் கட்டிய அந்த மண்டபத்தில், 2023இல் மூன்றாண்டுத் திட்டமாகப் பெரும் திருப்பணி தொடங்கியது. அக்காலத்து வழிபாட்டுக்காகக் கட்டடக் கலைஞர் சோ ஃபுஜிமோதோ, கூரைமேல் மரங்களே வளரும் தற்காலிக மண்டபம் ஒன்றை வடிவமைத்தார். எது திறந்திருக்கிறது என்பதைக் கோயிலின் அறிவிப்பில் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

கேள்வி: வழிபடும் முறை என்ன?

பதில்: நீர்த்தொட்டியில் கைகளையும் வாயையும் தூய்மை செய்துகொண்டு, சன்னதி முன் காணிக்கை இட்டு, இருமுறை குனிந்து வணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்க வேண்டும்.

கேள்வி: எந்த மாதம் ஏற்றது? அங்கு சைவர்கள் உண்ணத்தக்கது ஏதேனும் கிடைக்குமா?

பதில்: பிப்ரவரி. வளாகத்தில் உள்ள ஏறத்தாழ 6,000 ஊமே (ஜப்பானியப் பிளம்) மரங்கள் அப்போதுதான் பூத்திருக்கும். மண்டபத்தின் அருகிலுள்ள வெண்பூ மரம், தன் தலைவன் மிச்சிசானேயைப் பிரிந்திருக்க மாட்டாமல் கியோட்டோவிலிருந்து பறந்து வந்ததாகச் சொல்லப்படுவது. புத்தாண்டின் முதல் மூன்று நாள்களில் நெரிசல் தாங்காது. ஃபுகுவோகாவின் தென்ஜின் நிலையத்தில் நிஷிதெத்சு ரயில் ஏறி, ஃபுத்சுகாய்ச்சியில் மாறினால் அரை மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். கடைவீதியில் விற்கும் உமேகாயே மோச்சி, அரிசிமாவுக்குள் இனிப்பான சிவப்புப் பயறு வைத்து இரும்பு அச்சில் சுடும் பணியாரம். மேலே ஊமே பூவின் முத்திரை உண்டே தவிர உள்ளே ஊமே கிடையாது. சூடாகவே உண்ணுங்கள், ஆறினால் இறுகிவிடும்.