மருத்துவக் குறிப்பில் ஆங்கில இலக்கணம் எவ்வளவு முக்கியம்?

கேள்வி: தமிழ் மூலம் உயர்தரம் படித்துவிட்டு இப்போது கொழும்பில் மருத்துவம் படிக்கிறேன். நோயாளர் குறிப்புகளைப் பிழையில்லாத ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமா?

நானும் தமிழ் மூலம் படித்து வந்தவன்தான். முதல் வருடம் விரிவுரையில் பாதி விளங்கவில்லை, மீதியை விளங்கியமாதிரி எழுதிக்கொண்டேன். அதனால் உங்கள் பயம் எனக்குத் தெரியும்.

ஆங்கிலத்தில் ‘ஏ’ (a) எங்கே வரும், ‘த’ (the) எங்கே வரும் என்று மண்டையை உடைக்காதீர்கள். வார்ட் ரவுண்டில் அதை யாரும் பார்ப்பதில்லை. பெரிய டொக்டர்மாரே அவற்றை விழுங்கிவிட்டுத்தான் எழுதுகிறார்கள். ஆனால் வினைச்சொல்லின் காலத்தில் கவனமாக இருங்கள். அதை நான் பட்டுத்தான் படித்தேன்.

2017, டெங்கு வருடம். அந்த ஒரு வருடத்தில் மட்டும் நாட்டில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். நான் இன்டேர்ன், அதாவது பயிற்சி டொக்டர். ஒரு பெடியனின் பெட் ஹெட் டிக்கட்டில், அதாவது வார்ட்டில் அவனுடைய நோய்க் குறிப்பு எழுதும் தாளில், ‘ஃபீவர் 4/7’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். நாலு நாள் காய்ச்சல் என்று அர்த்தம். நாலு வாரம் என்றால் 4/52, நாலு மாதம் என்றால் 4/12. எல்லாரும் எழுதுகிற முறைதான். இரவு எனக்கு மேலே இருந்த டொக்டரான ரெஜிஸ்ட்ரார் வந்து டிக்கட்டைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “காய்ச்சல் இருக்கா, விட்டுட்டுதா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ஓடிப்போய்த் தாயிடம் கேட்டேன். “நேற்றுப் பின்னேரமே விட்டுட்டுது டொக்டர், இனிப் பயமில்லைதானே?” என்றார்.

டெங்குவில் பயம் தொடங்குவதே அங்கேதான். காய்ச்சல் இறங்குகிற நேரத்தை ஒட்டித்தான் சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசியத் தொடங்கும். அது 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். அந்த நேரத்தில் கொடுக்கிற திரவம் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. நான் எழுதியதில் வினைச்சொல்லே இல்லை. ‘ஹேஸ் ஹேட் ஃபீவர்’ என்றால் காய்ச்சல் இன்னும் இருக்கிறது, வெறும் ‘ஹேட் ஃபீவர்’ என்றால் விட்டுவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஒரு புள்ளிக்காகப் பாடமாக்கிய வித்தியாசம்! பெடியன் தப்பிவிட்டான், என் கெட்டித்தனத்தால் அல்ல. இப்போது நான் இலக்கணத்தையே நம்புவதில்லை. கடைசியாகக் காய்ச்சல் அடித்த திகதியையும் நேரத்தையும் எழுதிவிடுவேன்.

அடுத்தது கலைச்சொல். இதில் அதிகம் மாட்டுப்படுவது காயங்களில். கத்தி வெட்டு, கண்ணாடி வெட்டு, தடியடி எல்லாவற்றுக்கும் ‘லாசரேஷன்’ என்று எழுதுகிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் இருக்கிறது. சட்ட மருத்துவத்தில் லாசரேஷன் என்றால் மொட்டையான பொருள் பட்டுத் தோல் கிழிந்த காயம். கூர்மையான ஆயுதத்தால் வந்தது ‘இன்சைஸ்ட் வூண்ட்’. தையல் போடுகிற உங்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியலாம். வழக்கு என்று வந்தால் ஆயுதமே மாறிப்போகும். கத்தியா, பொல்லா என்று சட்டத்தரணி உங்களைத்தான் கேட்பார். நிச்சயமில்லை என்றால் பெயர் வைக்காதீர்கள். நீளம், விளிம்பு, எந்த இடம், வலமா இடமா என்று கண்டதை எழுதினால் போதும்.

இலக்கங்களும் ஒரு மொழிதான். இன்சுலினுக்கு ‘யூனிட்’ என்று முழுதாக எழுதாமல் ‘U’ என்று ஒற்றை எழுத்துப் போட்டால், அவசரக் கையெழுத்தில் அது பூச்சியமாகி 10 என்பது 100 ஆகிவிடும். 1.0 என்று எழுதினால் புள்ளி தேய்ந்து 10 ஆகும். .5 என்று எழுதினால் 5 ஆகும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் ஜாயின்ட் கமிஷன் 2004இல் வெளியிட்ட ‘எழுதக் கூடாதவை’ பட்டியலில் இவை மூன்றுமே இருக்கின்றன.

இன்னொன்று, ‘டினைஸ்’ (denies, மறுக்கிறார்) என்ற சொல். மது பாவிப்பதில்லை என்று நோயாளி சொன்னால் அப்படி எழுதுவது வழக்கம். ஒருவரின் மகன், வீட்டுக்குப் போகும்போது கொடுக்கிற டயக்னோசிஸ் கார்டை வாசித்துவிட்டு, “அப்பா மறுக்கிறார் எண்டு போட்டிருக்கிறீங்கள், அவர் பொய் சொல்றார் எண்டோ?” என்று சண்டைக்கு வந்துவிட்டார். அவர் கோபம் நியாயம்தான். ‘பாவிப்பதில்லை என்கிறார்’ என்று எழுத எளிய ஆங்கிலம் இருக்கிறதே.

தமிழில் எழுதினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி டொக்டர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், நூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். ஆகவே தமிழால் முடியாது என்றில்லை. ஆனால் கொழும்பு வார்ட்டில் உங்களுக்குப் பிறகு அந்த டிக்கட்டை எடுக்கிற மிஸ்ஸி (தாதி) சிங்களவராக இருப்பார், ரெஜிஸ்ட்ரார் எந்த ஊரோ தெரியாது. எல்லாருக்கும் பொதுவாக இருப்பது ஆங்கிலம்தான்.

அதற்காக நோயாளியின் சொல்லை அவசரப்பட்டு மொழிபெயர்க்காதீர்கள். “கால் விறைக்குது டொக்டர்” என்றால் உணர்ச்சி இல்லையா, மடக்க முடியவில்லையா? ஒன்று நரம்புப் பக்கம் போகும், மற்றது மூட்டுப் பக்கம் போகும். திருப்பிக் கேட்டும் தெளிவில்லை என்றால், ஆங்கில எழுத்தில் ‘விறைப்பு’ என்றே மேற்கோளுக்குள் போட்டுவிடுவேன். இதைப் பார்த்து முதலில் சிரித்த சிங்கள ரெஜிஸ்ட்ரார் ஒருவர் இப்போது தமிழ் நோயாளிகளிடம் தானே போய் “விறைப்பா? எப்பிடி விறைப்பு?” என்று கேட்கிறார்.