மண்ணும் மாடும் குழந்தைகளும்: சில கேள்விகள், பதில்கள்

டெல்டா மாவட்டங்களிலிருந்து பெற்றோரும் அங்கன்வாடிப் பணியாளர்களும் அனுப்பிய கேள்விகளில், எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் உம்பளாச்சேரிப் பசு சாம்பல் நிறம்; ஈன்ற கன்றோ செம்மை நிறமாக இருக்கிறது. "இது வேற மாட்டோட கன்னா?" என்று ஐந்து வயது மகள் கேட்கிறாள். என்ன சொல்வது? (தலைஞாயிறு)

உடனே விடை சொல்லிவிடாதீர்கள். இப்படி ஒரு கேள்வி குழந்தையிடமிருந்து தானாக எழுவது அரிது. அதைச் சில மாதங்கள் உயிரோடு வைத்திருப்பதே நல்லது. உம்பளாச்சேரிக் கன்றுகள் பிறக்கும்போது செம்மையாகவோ பழுப்பாகவோ இருந்து, ஆறு முதல் எட்டு மாதத்துக்குள் சாம்பல் நிறத்துக்கு மாறுவது அந்த இனத்தின் இயல்பு. மாதம் ஒருமுறை அதே கொட்டிலில், அதே பக்கத்திலிருந்து கன்றை வரைந்து வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். உடல் நிறம் மாறினாலும் நெற்றியிலும் கால்களிலும் உள்ள வெள்ளை மாறாமல் இருப்பதை அவளே கண்டுபிடிப்பாள். இடையிடையே, பசு அசைபோடும்போது தாடை பக்கவாட்டில் அரைப்பதையும், மேல்தாடையின் முன்புறத்தில் பல்லே இல்லாததையும் நீங்கள் அருகில் நின்று காட்டலாம். சேற்று உழவுக்கென்றே இந்த மண்ணில் வளர்ந்த மாடு இது என்பதை, வயலில் சேறு அவள் முழங்காலைத் தொடும் நாளில் சொன்னால் மனத்தில் நிற்கும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். மண்ணைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வீட்டில் என்ன செய்யலாம்? (கும்பகோணம்)

மூன்று கண்ணாடிச் சீசாக்கள் போதும். ஆற்றங்கரை மண், நெல்வயல் மண், தெருவோர மண் என்று மூன்றைக் குழந்தையே கையால் அள்ளிவரட்டும். ஒவ்வொரு சீசாவிலும் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, நீர் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கி, பின்பு யாரும் அசைக்காத இடத்தில் வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் இறங்கிவிடும். வண்டல் சில மணி நேரத்தில் அதன்மேல் படியும். களி மறுநாள் வரையிலும், சில சமயம் அதற்கு மேலும் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். மூன்று சீசாக்களிலும் அடுக்குகளின் தடிமன் வேறுபடுவதைக் குழந்தை விரலால் அளக்கட்டும். வேகம் குறைந்த ஆறு கனமானதை முதலிலும் நுண்ணியதைக் கடைசியிலும் கீழே விடுகிறது என்பதும், நாம் வாழும் சமவெளி முழுவதும் காவிரி இப்படிக் கொண்டுவந்து படியவிட்டதே என்பதும் அதன்பின் தாமாக விளங்கும். சற்று வளர்ந்த குழந்தை என்றால், 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையில் வண்டலின் பெரும்பகுதி தங்கிவிடுவதால் முன்போல அது வயலுக்கு வருவதில்லை என்பதையும் சொல்லுங்கள். பெரியவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கோடையில் வயல் வெடிப்பதைப் பார்த்து, "பூமிக்குத் தாகம்" என்று குழந்தைகளிடம் சொல்லிவருகிறேன். அது சரியா? (அங்கன்வாடிப் பணியாளர், மன்னார்குடி வட்டம்)

கதையாகச் சொல்லத் தடையில்லை. ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. களிமண்ணைப் பிசைந்து ஒரு தட்டின் விளிம்பைத் தொடும்படி பரப்பி வெயிலில் வையுங்கள். காயக்காய விளிம்பில் இடைவெளி விழும், நடுவில் கீறல் ஓடும். மீண்டும் மெல்ல நீர் தெளித்தால் மண் உப்பிக் கீறல் மூடத் தொடங்கும். களி நீரை உறிஞ்சி விரிகிறது, இழந்து சுருங்குகிறது என்பதை அவர்கள் கண்ணாலேயே பார்த்துவிடுவார்கள். அதே தட்டில் ஆற்றுமணலை வைத்தால் வெடிப்பதில்லை என்பதையும் மறக்காமல் காட்டுங்கள்.

வெறுங்காலோடு மண்ணில் விளையாடினால் வயிற்றில் பூச்சி வரும் என்கிறேன். "நாங்கள்லாம் அப்படித்தானே வளர்ந்தோம்" என்கிறார் மாமனார். (திருவாரூர்)

இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. கொக்கிப்புழுவின் இளம்புழு மனித மலம் கலந்த ஈரமண்ணில் வளர்ந்து பாதத்தின் தோல் வழியாக உடலுக்குள் நுழையும். சுத்தமான கொல்லை மண்ணில் அந்த அச்சம் மிகக் குறைவு. எனவே இடம் பார்த்து விடுங்கள். திறந்தவெளியில் மலம் கழிக்கும் வழக்கமுள்ள கரைகளில் செருப்பு கட்டாயம். மண்ணையோ கோழியையோ தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், அங்கன்வாடியிலும் பள்ளியிலும் தரும் குடற்புழு நீக்க மாத்திரையையும் தடுப்பூசிகளையும் தவறவிடாதிருப்பதும் அவசியம். காலில் புண் இருக்கும்போது தேங்கிய நீரில் இறங்கவும், மருந்து அடித்த வயலுக்குள் செல்லவும் விடாதீர்கள். மண்புழு வேறு, குடற்புழு வேறு என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அச்சத்தில் மண்புழுவை மிதித்துக் கொல்லும் குழந்தைகளைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

அறுவடைக்குப் பின் எங்கள் வயலில் ஆட்டுக்கிடை போட்டோம். "ஆடு நம்ம வயல்ல மேயுது, நாம ஏன் அவங்களுக்குக் காசு தரணும்?" என்று மகன் கேட்டான். (நீடாமங்கலம்)

உங்கள் மகன் கேட்டது கணக்கு. அதற்கு விடை எரு. சம்பா அறுவடை முடிந்ததும் இராமநாதபுரம் பக்கமிருந்து வரும் மந்தைகள் பகலில் தாளையும் வரப்புப் புல்லையும் மேய்ந்து, இரவில் பட்டிக்குள் அடைந்து கிடக்கின்றன. புழுக்கையும் மூத்திரமும் அந்த இடத்திலேயே விழுந்து, குளம்பால் மிதிபட்டு மண்ணோடு சேர்கின்றன. வண்டி வைத்து எரு ஏற்றி இறைக்கும் கூலி மிச்சமாகிறது. அதற்குத்தான் பணமோ நெல்லோ தருகிறோம். கிடை கிடந்த இடத்திலும் கிடக்காத இடத்திலும் ஒவ்வொரு குச்சியை நட்டுவைத்து, அடுத்த பயிர் வளரும்போது இரண்டிடத்துப் பச்சையையும் அவன் ஒப்பிடட்டும். முடிந்தால் ஒரு மாலை அவனைக் கீதாரியிடம், அதாவது மந்தையை நடத்திவரும் ஆட்டுக்காரரிடம், அழைத்துச் சென்று, அவரை "ஐயா" என்று அழைத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ஆட்டைப் பற்றி அவர் சொல்லக்கூடியதை எந்தப் படப்புத்தகமும் சொல்லாது. அவர் தொழிலைக் குழந்தை மதிக்கக் கற்பதும் இந்தப் பாடத்தின் பகுதியே என்று உறுதியாக நம்புகிறேன். அறுவடையான தாள் வயலில் வாத்து மேய்ப்பவர்கள் வந்தாலும் இதையே செய்யலாம்; உதிர்ந்த நெல்லோடு நத்தையையும் பூச்சியையும் வாத்துகள் தின்பதை அவன் வரப்பில் உட்கார்ந்தே பார்க்கலாம்.

மகள் வளர்த்த ஆட்டைக் கறிக்கு விற்றுவிட்டோம். மாமா வீட்டுக்குப் போயிருக்கிறது என்று சொல்லிவைத்திருக்கிறோம். (வேதாரண்யம்)

உண்மையைச் சொல்லிவிடுங்கள். மாமா வீட்டுக்குப் போகும் நாளில் அவள் முதலில் ஆட்டைத்தான் தேடுவாள். விற்றோம், இறைச்சிக்காக வாங்கினார்கள், இந்தப் பணம் இதற்குப் பயன்பட்டது என்று எளிய சொற்களில் சொல்லி, அழுதால் அழவிடுங்கள். வெட்டுவதைக் காட்டவோ, கறியை உண்ணும்படி வற்புறுத்தவோ வேண்டாம். அடுத்த குட்டியை வாங்கும்போது, அது வளர்ப்பதற்கா விற்பதற்கா என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கோழியை வாத்து முட்டைமேல் அடைவைத்தோம். 21 நாள் கடந்தும் பொரியவில்லை. குழந்தைகள் நாள்காட்டியோடு காத்திருக்கிறார்கள். (பாபநாசம்)

கோழி முட்டைக்குத்தான் 21 நாள். வாத்து முட்டை பொரிய ஏறக்குறைய 28 நாள் ஆகும். இன்னும் ஒரு வாரம் பொறுத்திருங்கள். அடுத்த முறை இரண்டையும் ஒரே கோழியின் கீழ் வைப்பதானால், வாத்து முட்டைகளை வைத்த ஏழாம் நாள் கோழி முட்டைகளைச் சேருங்கள். இல்லையென்றால் முதலில் பொரிந்த குஞ்சுகளோடு தாய் எழுந்துபோய்விடும்.