ஒரே மெத்தை, வெவ்வேறு உடல்கள்: வாசகர் கேள்விகளுக்கு இயன்முறை மருத்துவரின் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பல, கடைகளில் ‘மீடியம் ஃபர்ம்’ என்று சொல்லி விற்கப்படும் மெமரி ஃபோம் (உடலின் வெப்பத்தால் இளகிக் குழிந்துகொடுக்கும் நுரை) மெத்தையைப் பற்றியே இருந்தன. பலகைபோல் கெட்டியாகவும் இல்லாமல், படுத்தவுடன் அமிழ்ந்துபோகும் அளவுக்கு மென்மையாகவும் இல்லாமல் இடைநிலையில் இருக்கும் மெத்தையையே ‘மீடியம் ஃபர்ம்’ என்று குறிக்கிறார்கள். கேட்டவர்களின் வயதும் எடையும் படுக்கும் வழக்கமும் வெவ்வேறாக இருந்ததால், எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்ல இயலவில்லை.

கேள்வி: என் எடை 92 கிலோ. என் மனைவியின் எடை 51 கிலோ. நான் மல்லாந்து படுப்பேன். அவர் ஒருக்களித்துத்தான் தூங்குவார். எங்கள் பழைய தென்னைநார் மெத்தை நடுவில் குழிந்துவிட்டது. 6 அங்குல மீடியம் ஃபர்ம் மெமரி ஃபோம் மெத்தை எல்லோருக்கும் பொருந்தும் என்றும், விண்வெளி வீரர்களுக்காகவே அது கண்டுபிடிக்கப்பட்டது என்றும் கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா? — வாசகர், ஈரோடு

பதில்: முதலில் விண்வெளிக் கதையை நேர்செய்துவிடுகிறேன். 1966-இல் நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி மையத்துக்காக சார்லஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் இந்த நுரையை உருவாக்கினார். விமான இருக்கைகளில் அமர்வோருக்கு வசதியும், விபத்து நேர்ந்தால் கூடுதல் பாதுகாப்பும் கிடைக்க வேண்டும் என்பதே அப்போதைய நோக்கம். படுக்கையாக இது பரவலானது 1990-களில்தான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எல்லோருக்கும் பொருந்தும் என்பதை என்னால் ஏற்க முடியாது. ஒரு மெத்தை கெட்டியா மெதுவா என்பதை அதன்மேல் ஒட்டியிருக்கும் சீட்டு முடிவு செய்வதில்லை. படுப்பவரின் எடையும் அவர் படுக்கும் விதமும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. ஒருக்களித்துப் படுக்கும்போது உடலின் பாரத்தில் பெரும்பகுதி தோள்பட்டை, இடுப்பெலும்பு ஆகிய இரண்டு சிறிய இடங்களில் குவிகிறது. அந்த இரண்டு இடங்களும் மெத்தைக்குள் ஓரளவு இறங்கி, இடையில் உள்ள வளைவை மெத்தை தாங்கிக்கொண்டால்தான் முதுகெலும்பு நேர்கோட்டில் நிற்கும். 51 கிலோ எடையுள்ளவரின் தோள், மீடியம் ஃபர்ம் மெத்தைக்குள் வேண்டிய அளவு இறங்காமல் போகக்கூடும். அப்படியானால் அவருக்கு அதே மெத்தை கெட்டி மெத்தைதான். காலையில் கை மரத்துப் போவதும், தோளின் வெளிப்புறம் வலிப்பதும் அதற்கான அறிகுறிகள்.

உங்கள் நிலைமை இதற்கு நேர்மாறானது. மல்லாந்து படுப்பவருக்கு உடலின் மிகக் கனமான பகுதி இடுப்பு. 92 கிலோ எடை, மேலே இருக்கும் மெமரி ஃபோம் அடுக்கை அழுத்திக் கடந்து, அடியில் இருக்கும் சாதாரண ஃபோம் வரை சென்றுவிடும். ஆகவே உங்களைத் தாங்கப்போவது பெரும்பாலும் அந்த அடி அடுக்குதான். கடையில் எல்லோரும் மேல் அடுக்கைக் கையால் அமுக்கி, கைத்தடம் மெல்ல மறைவதைப் பார்த்து வியக்கிறார்கள். அடி அடுக்கு என்ன வகை, எத்தனை அங்குலம், என்ன டென்சிட்டி என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. நீங்கள் கட்டாயம் கேளுங்கள்.

டென்சிட்டி என்ற சொல்லிலும் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை இருக்கும் என்பதே டென்சிட்டி, அதாவது அடர்த்தி. அது கெட்டித்தன்மையின் அளவு அன்று. அடர்த்தி மிகுந்த ஃபோம் மென்மையாகவும் இருக்கலாம், அடர்த்தி குறைந்த ஃபோம் கெட்டியாகவும் இருக்கலாம். ஆனால் எத்தனை ஆண்டுகள் குழியாமல் உழைக்கும் என்பதை அடர்த்தியைக் கொண்டு பெரும்பாலும் கணிக்கலாம். மெமரி ஃபோம் அடுக்கு கன மீட்டருக்கு 50 கிலோவுக்குக் குறையாமலும், அடி அடுக்கு 30 கிலோவுக்குக் குறையாமலும் இருப்பது உங்கள் எடைக்கு நல்லது. இதைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. 78-க்கு 72 அங்குல அளவில், 2 அங்குல மெமரி ஃபோமும் 4 அங்குல அடி ஃபோமும் கொண்ட மெத்தை, மேலே சொன்ன அடர்த்தியில் செய்யப்பட்டிருந்தால், உறையை நீக்கியே சுமார் 20 கிலோ எடை இருக்கும். அதே அளவு மெத்தை 13 அல்லது 14 கிலோதான் இருக்கிறது என்றால், சொன்ன அடர்த்தி அதில் இல்லை.

கடைக்கு இருவரும் சேர்ந்து செல்லுங்கள். உட்கார்ந்து பார்ப்பதும் கையால் அமுக்குவதும் பயன்படாது. வீட்டில் எப்படித் தூங்குவீர்களோ அப்படியே, உங்கள் வீட்டுத் தலையணையின் உயரத்துக்கு ஒத்த தலையணையோடு, குறைந்தது 15 நிமிடம் படுக்க வேண்டும். உங்கள் மனைவி ஒருக்களித்துப் படுத்திருக்கும்போது பின்னால் நின்று அவருடைய முதுகெலும்பைப் பாருங்கள். கழுத்திலிருந்து இடுப்பு வரை ஏறத்தாழ நேராக இருந்தால் சரி. இடுப்பு தொய்ந்தால் மெத்தை அவருக்கு மெது, இடைப்பகுதி தாங்கலின்றித் தொங்கித் தோள் மேலே தள்ளப்பட்டால் கெட்டி. நீங்கள் மல்லாந்து படுத்தபின் உங்கள் இடுப்பு வளைவின் அடியில் அவரை உள்ளங்கையை நுழைக்கச் சொல்லுங்கள். கை தாராளமாக அந்தப்பக்கம் போய்விட்டால் கெட்டி. நுழையவே முடியாவிட்டால் நீங்கள் அமிழ்ந்துவிட்டீர்கள். சற்று உரசிக்கொண்டு நுழைந்தால் பொருத்தம்.

இருவருக்கும் ஒரே மெத்தை பொருந்தவில்லை என்றால், 78-க்கு 36 அங்குலத்தில் இரண்டு தனி மெத்தைகளை ஒரே கட்டிலில் ஒட்டிப் போட்டு, மேலே ஒரே விரிப்பை விரித்துக்கொள்ளலாம். இதைச் சொன்னால் பலர் தயங்குகிறார்கள். 41 கிலோ வேறுபாடு உள்ள இருவருக்கு இதுவே நேர்மையான தீர்வு என்று நான் கருதுகிறேன். ஒரே மெத்தைதான் வேண்டும் என்றால், உங்கள் எடையைத் தாங்கும் மீடியம் ஃபர்ம் மெத்தையை வாங்கி, அவர் பக்கத்தில் மட்டும் 2 அங்குல மென்மையான மேல்மெத்தையைச் சேர்த்துக்கொள்ளலாம். மென்மையான மெத்தையை வாங்கிவிட்டு உங்கள் பக்கத்தைக் கெட்டியாக்க வழியே இல்லை. தம்பதியருக்கு மெமரி ஃபோமில் ஒரு நன்மை உறுதியாக உண்டு: நீங்கள் புரண்டு படுத்தால் அந்த அசைவு அடுத்த பக்கம் போய் அவரை எழுப்பாது.

கேள்வி: எனக்கு 63 வயது. பல ஆண்டுகளாக இடுப்புவலி. கட்டாந்தரையில் பாய் விரித்துப் படுக்குமாறு அந்நாளில் மருத்துவர் சொன்னதை இன்றுவரை கடைப்பிடித்து வருகிறேன். என் மகன் மீடியம் ஃபர்ம் மெமரி ஃபோம் மெத்தை வாங்கித் தந்திருக்கிறான். அதில் படுத்தால் வலி கூடிவிடுமோ என்று அச்சமாக இருக்கிறது. — வாசகர், கும்பகோணம்

பதில்: அக்காலத்தில் அந்த அறிவுரை உலகெங்கும் கொடுக்கப்பட்டதுதான், உங்கள் மருத்துவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் 2003-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்த ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தது. நாட்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரில் ஒரு பகுதியினருக்குக் கெட்டி மெத்தையும் மற்றவர்களுக்கு மீடியம் ஃபர்ம் மெத்தையும் கொடுத்து, 90 நாள்கள் கழித்து ஒப்பிட்டார்கள். படுக்கையில் இருக்கும்போது வரும் வலி, எழுந்திருக்கும்போது வரும் வலி, அன்றாட வேலைகளில் ஏற்படும் தடை ஆகிய மூன்றிலும் மீடியம் ஃபர்ம் மெத்தையில் படுத்தவர்களே கூடுதல் முன்னேற்றம் கண்டார்கள். அந்த ஆய்வில் பயன்படுத்திய ஐரோப்பிய அளவுகோலில் 1 என்பது மிகக் கெட்டி, 10 என்பது மிக மென்மை; கெட்டி மெத்தை 2.3 என்றும் மீடியம் ஃபர்ம் மெத்தை 5.6 என்றும் இருந்தன. நம் கடைகளில் காட்டும் அளவுகோல் பெரும்பாலும் தலைகீழாக, 10-ஐக் கெட்டி என்று வைத்திருப்பதால், எண்ணைக் கேட்டு வாங்குவோர் ஏமாறக்கூடும். அந்த ஆய்வு கெட்டித்தன்மையை மட்டுமே ஒப்பிட்டது. மெமரி ஃபோம் மற்றவற்றைவிடச் சிறந்தது என்று அது சொல்லவில்லை. ‘ஆர்த்தோ’ என்று மெத்தையில் எழுதியிருப்பதும் மருத்துவத் தரச்சான்று அன்று.

ஆகவே அச்சமின்றிப் படுங்கள். பல ஆண்டுகள் தரைக்குப் பழகிய உடல் புதிய மெத்தைக்குப் பழக இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம்; முதல் சில நாள்களில் புரள்வது கடினமாகவும் உடல் அலுப்பாகவும் தோன்றினால் உடனே கைவிட்டுவிடாதீர்கள். அதே நேரத்தில், வலி காலுக்குள் இறங்கி மரத்துப்போனாலும், சிறுநீரை அடக்க முடியாமல் போனாலும், எப்படிப் படுத்தாலும் இரவில் வலி தணியாமல் இருந்தாலும் மெத்தையை ஆராய்ந்துகொண்டிராமல் தாமதமின்றி மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: மெமரி ஃபோம் மெத்தை சூடாக இருக்கும் என்கிறார்களே, உண்மையா? ஜெல் கலந்தது வாங்கினால் சரியாகிவிடுமா? எங்கள் வீட்டில் ஏ.சி. இல்லை. — வாசகி, வேலூர்

பதில்: உண்மைதான். இந்த நுரை உடலின் வெப்பத்தால் இளகி, உடலின் வடிவத்துக்கு ஏற்பக் குழிந்துகொடுக்கிறது. அதன் சிறப்பே அதுதான். ஆனால் உடல் அந்தக் குழிவுக்குள் பொதிந்துகொள்வதால் முதுகைச் சுற்றிக் காற்று போக இடம் குறைகிறது. ஜெல் கலந்த அடுக்கு படுத்தவுடன் குளிர்ச்சி தரும். சிறிது நேரத்தில் அதுவும் உடலின் வெப்பத்தை அடைந்துவிட்டால், அதன்பின் அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. ஏ.சி. இல்லாத வேலூர் வீட்டில், மே மாதத்து இரவில், கனத்த மெமரி ஃபோம் அடுக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேல் அடுக்கு 2 அங்குலத்துக்கு மிகாத மெத்தையாகப் பார்த்து, பருத்தி விரிப்பை மட்டும் பயன்படுத்துங்கள். பிளாஸ்டிக் பூசிய நீர்த்தடுப்பு உறை வேர்வையைக் கூட்டிவிடும். துளையிட்ட லேடெக்ஸ் மெத்தையோ, பொள்ளாச்சிப் பக்கம் ஏராளமாகச் செய்யப்படும் தென்னைநார் மெத்தையின் மேல் மெல்லிய மென் அடுக்கு வைத்ததோ உங்களுக்கு இதைவிடப் பொருந்தலாம்.

இதே கேள்வியின் மறுபக்கமாக, உதகையிலிருந்து எழுதிய ஒருவர், கோவைக் கடையில் பதமாக இருந்த மெத்தை வீட்டுக்கு வந்ததும் கல்லாகிவிட்டது என்று வருந்தியிருக்கிறார். கடைக்காரர் மெத்தையை மாற்றி அனுப்பிவிட்டதாக அவர் கருத வேண்டியதில்லை. குளிரில் மெமரி ஃபோம் இறுகும். படுத்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் இளகும். மலைப்பகுதியில் இருப்பவர்கள் சமவெளிக் கடையில் வாங்கும்போது, தமக்குச் சரி என்று தோன்றுவதைவிட ஒரு படி மென்மையானதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கேள்வி: நான் குப்புறப் படுத்தால்தான் தூக்கம் வரும். மீடியம் ஃபர்ம் போதுமா? — வாசகர், சிவகாசி

பதில்: குப்புறப் படுப்பவர்களுக்கு வயிறும் இடுப்பும் இறங்கி, அடிமுதுகு உள்வளைந்துவிடும். மீடியம் ஃபர்ம் என்பது உங்களுக்குக் குறைந்தபட்சம். எடை 80 கிலோவுக்கு மேல் என்றால் இன்னும் கெட்டியானது வேண்டும். தலையணையை மிக மெல்லியதாக்குங்கள். இயன்றால் பக்கவாட்டில் ஒரு நீண்ட தலையணையை அணைத்துக்கொண்டு ஒருக்களித்துப் படுக்கப் பழகுங்கள்; நாள் முழுவதும் கழுத்துவலியோடு என்னிடம் வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

கேள்வி: என் மகள் முதல் பிரசவத்துக்காக வந்திருக்கிறாள், ஏழாம் மாதம். புதிய மீடியம் ஃபர்ம் மெமரி ஃபோம் மெத்தையில் அவளும், பிறகு குழந்தையும் படுக்கலாமா? — வாசகி, தென்காசி

பதில்: மகள் படுக்கலாம். 28 வாரங்களுக்குப் பிறகு ஒருக்களித்துப் படுப்பதே நல்லது என்று மருத்துவர்கள் அறிவுறுத்துவதால், தோளும் இடுப்பும் அழுந்தாத மெத்தை அவருக்கு இதமாகவே இருக்கும். முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணையும், வயிற்றுக்கு அடியில் மடித்த துணியும் வைத்தால் இன்னும் நன்று. மெத்தை புதியது என்றால், உறையைப் பிரித்துக் காற்றோட்டமான அறையில் சில நாள்கள் வைத்து, வாடை போனபின் பயன்படுத்துங்கள்.

குழந்தையை அதில் படுக்கவைக்கவே கூடாது. ஒரு வயது நிறையாத குழந்தை கெட்டியான, சமதளமான படுக்கையில் மல்லாந்து தூங்க வேண்டும். மெமரி ஃபோம் குழந்தையின் முகத்தைச் சுற்றிக் குழிந்துகொள்ளும். புரண்டுவிட்டால் தலையைத் திருப்பி மூச்சுவிடும் வலு சிசுவுக்கு இல்லை. தாயின் அருகிலேயே, அதே அறையில், தனித் தொட்டில் கட்டிலில் இறுக்கமான விரிப்போடு குழந்தையைப் படுக்கவையுங்கள். தாயின் பக்கத்தில் சற்று நேரம்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: என் தாயாருக்கு 78 வயது. மெமரி ஃபோம் மெத்தையிலிருந்து எழுந்திருக்கச் சிரமப்படுகிறார். மெத்தையை மாற்ற வேண்டுமா? — வாசகர், நாகர்கோவில்

பதில்: முதலில் உயரத்தைப் பாருங்கள். 18 அங்குலக் கட்டிலின் மேல் 6 அங்குல மெத்தை போட்டால் மொத்தம் 24 அங்குலம். குள்ளமான மூதாட்டிக்குக் கால் தரையில் படாது. ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் முழுவதும் தரையில் பதிய வேண்டும். ஓரத்தில் உட்கார்ந்தவுடன் மெத்தை சரிந்து அவரைக் கீழே நழுவவிட்டால், அந்த மெத்தை அவருக்கு ஏற்றதன்று. புரள்வதற்கும் மெமரி ஃபோம் சற்றுத் தடையாக இருக்கும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு அது பெரிய தொல்லை. அவர் படுத்த படுக்கையாக இருந்தால், மெமரி ஃபோம் படுக்கைப்புண்ணைத் தடுத்துவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அவரைக் குறித்த இடைவெளியில் திருப்பிப் படுக்கவைப்பதும், காற்று மெத்தை தேவையா என்று மருத்துவரிடம் கேட்பதும் அவசியம்.

கேள்வி: போடியிலிருந்து வாங்கிய இலவம்பஞ்சு மெத்தையை மாதம் ஒருமுறை மொட்டைமாடியில் காயவைத்துத் தட்டி எடுப்போம். மெமரி ஃபோம் மெத்தையையும் அப்படிச் செய்யலாமா? — வாசகி, தேனி

பதில்: வேண்டாம். பஞ்சுக்கு வெயில் மருந்து. ஃபோமுக்கு அது பகை. நேர் வெயில் பட்டால் ஃபோம் மஞ்சளித்து, நாளடைவில் பொடிந்துவிடும். மடிப்பதும் தட்டுவதும் கூடாது. விரிப்பை நீக்கி, மின்விசிறியைச் சுழலவிட்டு, நிழலில் சில மணி நேரம் காற்றாட விட்டால் போதும். தரையில் நேராகப் போட்டால் அடியில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். பலகை இடைவெளி 3 அங்குலத்துக்கு மேல் இல்லாத கட்டில் வேண்டும். மெமரி ஃபோம் அடுக்கு மேற்பக்கம் மட்டுமே இருப்பதால் மெத்தையைக் குப்புறப் புரட்டாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைப்பக்கத்தைக் கால்பக்கமாக மாற்றிப் போட்டு, மாற்றிய தேதியை ஒரு சிறு சீட்டில் எழுதி உறையின் ஓரத்தில் குத்திவையுங்கள்.