கடைக்கு எது வேண்டும்? கேள்வி–பதில்

யூபிஎஸ்ஸில் லேசர் பிறின்டரையும் கொழுவலாமா? (மானிப்பாய்)

கூடாது. லேசர் பிறின்டர் சூடேறும்போது ஒரேயடியாக இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யூபிஎஸ் தாங்காது. கொம்பியூட்டரையும் ரவுட்டரையும் மட்டும் கொழுவுங்கள்.

திருநெல்வேலியில் பலசரக்குக் கடை. பில் போடும் முழுத்தொகுதிக்குப் பெரிய விலை சொல்கிறார்கள், மாதக் கட்டணம் வேறு. எனக்குத் தெரிய வேண்டியது எது முடியப்போகிறது, எது காலாவதியாகிறது என்ற இரண்டும்தான்.

அதற்கு ஒரு பார்கோட் ஸ்கானரும் உங்களிடம் இருக்கிற கொம்பியூட்டரும் போதும். யூஎஸ்பி ஸ்கானரைக் கொம்பியூட்டர் கீபோர்ட்டாகத்தான் பார்க்கும். பார்கோட்டைக் காட்டினால் இலக்கங்களைத் தட்டி, என்டரையும் அழுத்திவிடும். எக்செல் இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸ் இருக்கிறது.

மூன்று தாள் திறவுங்கள். முதலாவதில் கோட், பெயர், விலை, எத்தனைக்குக் கீழே போனால் வாங்க வேண்டும் என்ற எண். இரண்டாவதில் வந்த சரக்கு: திகதி, கோட், எண்ணிக்கை, காலாவதித் திகதி. மூன்றாவதில் விற்றது, ஒரு ஸ்கானுக்கு ஒரு வரி. எக்செல்லில் உள்ள சூத்திரங்களில், வந்ததைச் சம்இஃப் (SUMIF) கூட்டும், விற்றதைக் கவுண்ட்இஃப் (COUNTIF) எண்ணும், கழித்தால் இருப்பு. காலாவதித் திகதிப்படி வரிசைப்படுத்தினால் முதலில் விற்க வேண்டியது மேலே வந்து நிற்கும்.

பலர் சறுக்குவது ஓரிடத்தில். ஸ்கான் பண்ண முன்னரே கோட் நிரலை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் 479 இல் தொடங்கும் 13 இலக்கக் கோட் சுருங்கித் தெரியும். அப்படியே சிஎஸ்வி (CSV) என்ற வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போய்விடும், திரும்ப வராது. நிறுத்து விற்கும் அரிசி, பருப்புக்கு 2 இல் தொடங்கும் கோட்டை நீங்களே கொடுக்கலாம். கடைக்குள் பாவிக்கவென்றே 20 முதல் 29 வரை ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஸ்கானர் எடுக்கும்போது கியூஆரும் வாசிக்கும் வகையைக் கேளுங்கள். பழைய லேசர் வகை போன் திரையில் உள்ள கோட்டை வாசிக்காது. கசங்கிய, மினுங்கும் பிஸ்கற் பைக்கற் ஒன்றைக் கொண்டுபோய் அங்கேயே வாசித்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

இல்லை, முழுத்தொகுதிதான் வேண்டும் என்றால் விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: ‘என் சாமான் பட்டியலையும் விற்பனையையும் கடன் கணக்கையும் நானே கோப்பாக இறக்கி எடுக்கலாமா?’ இதற்கு மழுப்பினால் எழுந்து வாருங்கள். இப்படிப்பட்ட தொகுதிகள் சிலவற்றில், மாதக் கட்டணம் நின்றதும் யார் எவ்வளவு தர வேண்டும் என்பதுகூடக் கடைக்காரருக்குத் தெரியாமல் பூட்டிவிடுகிறது. அந்தக் கணக்கு அவருடைய உழைப்பு. அதைப் பிணையாக வைத்துச் சந்தா வாங்குவதை வியாபாரம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வாங்கும் நாளிலேயே ஒருமுறை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

ஒன்லைனில் எடுத்த வாக்குவம் மெசின் சாதாரண பொலித்தீன் பையில் காற்றை இழுக்குதில்லை. ஒடியல் மா அடைக்க எடுத்தது. பழுதோ? (சாவகச்சேரி)

பழுதில்லை. பையின் வாயை மட்டும் கவ்வி உறிஞ்சும் வகைக்கு, உட்பக்கம் வரிவரியாகப் புடைத்த பை வேண்டும். வழுவழுப்பான பை ஒட்டிக்கொண்டால் காற்று வெளியேற வழியில்லை. இது அநேகமாக விற்பனைப் பக்கத்திலேயே போட்டிருக்கும், வாசித்துவிட்டு வாங்குங்கள். மாவையும் அது உறிஞ்சும். பையின் வாயில் படிந்த மா அதை ஒட்ட விடாது, பம்புக்குள்ளும் போகும். நன்றாகக் காய்ந்த மாவுக்குத் தடித்த பையும் சாதாரண சீலரும் போதும்.

கொக்குவிலில் தேத்தண்ணிக் கடை. பில்டர் விற்க வந்தவர் எங்கள் கிணற்றுத் தண்ணிக்குள் கம்பி விட்டுக் கறண்ட் கொடுத்தார். தண்ணி கபில நிறமாகிவிட்டது. அவருடைய பில்டர் தண்ணி மாறவில்லை. பயத்தில் வாங்கிவிட்டேன்.

உங்களில் பிழையில்லை. கண்முன்னே நிறம் மாறினால் யாரும் பயப்படுவார்கள். ஆனால் அந்த நிறம் அவருடைய இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. உப்புகள் கரைந்த தண்ணீரில் மின்சாரம் ஓடும், உப்பு நீக்கியதில் அநேகமாக ஓடாது. அவருடைய பில்டர் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுச் செய்யச் சொல்லியிருந்தால் அதுவும் அதே நிறமாகியிருக்கும். நம் சுண்ணாம்புக் கல் நிலத்துக் கிணறுகளில் டிடிஎஸ் எண் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) கூடித்தான் காட்டும். அந்த எண் கிருமியையோ நைத்திரேற்றையோ தனியாகக் காட்டாது. அதற்கு ஆய்வுகூடப் பரிசோதனைதான் வழி.

பில்டருக்குள் உப்பையும் பிரித்தெடுக்கும் ஆர்ஓ சவ்வு உண்டா என்று பாருங்கள். இருந்தால் கொதிகலனில் சுண்ணாம்பு படிவது குறையும், முழுக்க நட்டமில்லை. இல்லாவிட்டால், வாங்கி மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். அவர்களுடைய தொலைபேசி 1977. விற்றவர் சொன்னதையும் செய்ததையும் எழுதி, சிட்டையின் பிரதியையும் இணையுங்கள்.

இரவில் கறண்ட் போய் வருகிறது. காலையில் பிரீசரில் இறால் கட்டியாகத்தான் இருக்கிறது. இடையில் உருகியதா என்று அறிய வழி உண்டா? (குருநகர்)

ஆகக்கூடிய, ஆகக்குறைந்த வெப்பநிலையை நினைவில் வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். வயரில் உணரி உள்ளதாக இருக்கட்டும். திரை வெளியே இருக்க வேண்டும், குளிரில் பற்றரி கெதியில் இறங்கும். உணரியை இறால் பொதிகளின் நடுவே செருகுங்கள். மூடிக்குக் கிட்ட வைத்தால் ஒவ்வொரு முறை திறக்கவும் பொய்யாக ஏறும். கடை பூட்டும்போது ரீசெற் செய்து, காலையில் கூடிய எண்ணைப் பாருங்கள். இருக்க வேண்டியது −18 பாகை. 0 ஐத் தாண்டியிருந்தால் உருகியிருக்கிறது, அதை விற்காதீர்கள். வாங்குபவர் எழுத்தில் சான்று கேட்டால் டேட்டா லொகர் எடுங்கள், அது நேரத்தோடு பதியும்.

கறண்ட் வந்தவுடன் கொம்பிரசர் ஓடத் தொடங்கினால் சிரமப்படும். சில நிமிடம் தாமதித்து இணைக்கும் வோல்டேஜ் கார்ட் (guard) கருவியையும் பூட்டுங்கள்.

கியூஆரில் காசு அனுப்பிய ஸ்கிரீன்ஷொட்டைக் காட்டினால் சாமான் கொடுக்கலாமா? (சுன்னாகம்)

வேண்டாம். உங்கள் போனுக்கு வங்கித் தகவல் வந்த பிறகு கொடுங்கள்.

சிட்டை நாலு மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடுகிறது. உத்தரவாதம் கேட்டு வருபவர்களோடு சண்டை. (பருத்தித்துறை)

வெப்பத் தாளில் மை கிடையாது, சூட்டில் கறுக்கும் பூச்சுத்தான் எழுத்து. வெயில், எண்ணெய், பிளாஸ்ரிக் உறை எல்லாம் அதை அழிக்கும். மலிவு ரோலில் அழிவு இன்னும் கெதி, நானும் வாங்கிக் காசைப் பாழாக்கியிருக்கிறேன். உத்தரவாதம் உள்ள சாமானுக்குக் காபன் பிரதியோடு பேனையால் எழுதிக் கொடுங்கள், சீரியல் இலக்கத்தையும் சேர்த்து.