கேள்வி – பதில்: கேம்பர் ட்ரெய்லர் சுவரில் பலகை நிற்க

கேள்வி: பழைய 14 அடி கேம்பர் ட்ரெய்லர் வாங்கினோம். மரச் சட்டம், வெளியே அலுமினியத் தகடு. அடுப்புக்கு மேலே மசாலா டப்பா வைக்கப் பலகை ஒன்று மாட்டினேன். பிளாஸ்டிக் பிளக் அடித்துத்தான் ஸ்க்ரூ போட்டேன். அல்கொன்குவின் பூங்கா போய் வருவதற்குள் கையோடு வந்துவிட்டது. இன்னும் நீள ஸ்க்ரூ போடலாமா?
– வாசகர், ஸ்கார்பரோ

பதில்: வேண்டவே வேண்டாம். நீள ஸ்க்ரூ வெளித்தகட்டைத் துளைத்துவிடும். அந்த ஓட்டை வழியே இறங்கும் மழைநீர் உள்ளிருக்கும் மரத்தை மக்க வைக்கும்.

உங்கள் கைக்குத் தட்டுப்படும் சுவர் வெறும் 3 மி.மீ. ப்ளைவுட். அதன் பின்னால் தெர்மோகோல், அப்புறம் தகடு. பிளக் விரிந்து இறுகச் செங்கல் வேண்டும், காங்கிரீட் வேண்டும். இங்கே வண்டி குலுங்கக் குலுங்க, அது ப்ளைவுட் விளிம்பை அராவி ஓட்டையைப் பெரிதாக்குகிறது. பாரம் தாங்கக்கூடியது உள்ளே ஓடும் ரீப்பர் கட்டை ஒன்றுதான். பல வண்டிகளில் அதன் முகம் முக்கால் அங்குலமே. கொஞ்சம் தவறினாலும் ஸ்க்ரூ ஓரத்தைப் பிளந்துவிடும்.

முதலில் கரண்ட் பிளக்கைப் பிடுங்குங்கள், பேட்டரியின் நெகட்டிவ் வயரையும் கழற்றுங்கள். சுவருக்குள் வயர் ஓடுகிறது. சுவிட்ச், விளக்குக்கு நேர் மேலும் கீழும் துளைக்காதீர்கள். சிறு காந்தத்தை நூலில் கட்டிச் சுவரோரம் மெல்ல நகர்த்தினால், ப்ளைவுட்டை அடித்த ஸ்டேப்பிள் பின் இருக்கும் இடத்தில் ஒட்டும். அந்தப் பின்கள் போகும் வரிசையே ரீப்பர். ஜன்னலின் உள்சட்டத்தைக் கழற்றிச் சுவரின் கனத்தையும் அளந்துகொள்ளுங்கள். கட்டையின் ஆழம் பெரும்பாலும் ஒன்றரை அங்குலம் இருக்கும்.

8-ஆம் நம்பர் ஸ்க்ரூவுக்கு 3/32 அங்குல பிட்டால் முன்துளை போடுங்கள். பிட்டில் முக்கால் அங்குலத்தில் டேப் சுற்றினால் ஆழம் மீறாது. பிட்டோடு வரும் தூளைக் கவனியுங்கள்: வெளிர் மரச்சுருள் என்றால் கட்டை கிடைத்துவிட்டது. வெள்ளை மணி வந்தால் தவறிவிட்டீர்கள். கறுத்த ஈரத்தூள் வந்தால் மரம் உளுத்துவிட்டது. ஒழுகும் இடத்தை அடைக்காமல் அங்கே எதையும் மாட்டக் கூடாது.

இரும்பு பிராக்கெட்டுக்கு 1 அங்குல உருண்டைத் தலை ஸ்க்ரூ போதும். நீங்கள் மாட்டும் இடத்தில் கட்டை இல்லையா? அரை அங்குல ப்ளைவுட் பட்டை ஒன்றை இரண்டு ரீப்பருக்குக் குறுக்கே வைத்து, கட்டுமானப் பசையும் ஒன்றரை அங்குல ஸ்க்ரூவும் போட்டு இறுக்குங்கள். பலகையை அந்தப் பட்டையில் மாட்டுங்கள். பழைய ஓட்டைகளும் அதன் பின்னே மறைந்துவிடும். கடைசிச் சுற்றைக் கையால் முறுக்குங்கள்; மெஷின் ஒரு நொடி கூடுதலாகச் சுற்றினாலும் மென்மரத்தில் மரை அறுந்துவிடும். பலகைக்கு முன்னால் 2 அங்குல விளிம்புக் கட்டை அவசியம். இரும்புச் சட்டி, அரிசி மூட்டை எல்லாம் தரையில்தான்.

கேள்வி: எங்களுடையது 13 அடி போலர் (Boler) ட்ரெய்லர். அதற்கும் இதே முறையா?

பதில்: இல்லை. வின்னிபெக்கில் 1968-இல் தயாரிக்கத் தொடங்கிய இந்த வண்டியின் கூடு முழுக்க ஃபைபர்கிளாஸ்; சுவருக்குள் ரீப்பரே கிடையாது. அலமாரிகளைக் கூட்டின் ஊடாக ரிவெட் அடித்துத்தான் பிடித்திருக்கிறார்கள். ரிவெட் தளர்ந்தால் பழையதை எடுத்துவிட்டுத் துளையைச் சுத்தம் செய்து, வெளிப்பக்கம் சீலன்ட் தடவிப் புதிது அடியுங்கள். உள்பக்கம் பெரிய வாஷர் வையுங்கள், இல்லையேல் துளையைச் சுற்றி நட்சத்திர விரிசல் விடும். இன்னொன்று: உயரமான அலமாரி கூரையையும் தாங்குகிறது. இடத்துக்காக அதைக் கழற்றினால் கூரை தொய்யும்.

கேள்வி: துளையே போடாமல் இரட்டைப் பக்க டேப் ஒட்டலாமா?

பதில்: துண்டு மாட்டும் கொக்கிக்கு ஒட்டலாம். ஆனால் ப்ளைவுட்டின் மேல் அச்சடித்த காகிதம் இருந்தால், டேப் விடாது, காகிதம் உரிந்து வரும். வழவழப்பான ஃபைபர்கிளாஸில் வி.எச்.பி. (VHB) எனும் பலமான இரட்டைப் பக்க டேப் நன்றாகப் பிடிக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, 10 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத நாளில் அழுத்தி ஒட்டி, 72 மணி நேரம் கழித்து மாட்டுங்கள். தீயணைப்பானை மட்டும் டேப்பில் விடாதீர்கள், அதற்கு ஸ்க்ரூதான்.