பசுமைச் சான்றிதழ்: கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: 20 அறைகள் கொண்ட விடுதி நடத்துகிறேன். வெளிநாட்டுப் பயண ஏற்பாட்டாளர்கள் நீடித்த சுற்றுலாச் சான்றிதழ் கேட்கிறார்கள். மூன்று நிறுவனங்கள் விலைப்புள்ளி அனுப்பியுள்ளன. உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் பொதுத் தரநிலை எதுவும் உண்டா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: எல்லோரும் ஏற்கும் ஒரே சான்றிதழ் கிடையாது. ஆனால் சான்றிதழ்களை உரசிப் பார்க்கப் பொது அளவுகோல் இருக்கிறது. 2008இல் முதன்முதலாக வெளியான அந்த விதித்தொகுப்பை இப்போது ஜி.எஸ்.டி.சி. எனப்படும் குளோபல் சஸ்டெய்னபிள் டூரிசம் கவுன்சில் பராமரிக்கிறது. நிர்வாகம், உள்ளூர் மக்களின் வாழ்வாதாரம், பண்பாடு, சுற்றுச்சூழல் என்று அதற்கு நான்கு பகுதிகள்.

இந்த கவுன்சில் விடுதிகளுக்கு நேரடியாகச் சான்றிதழ் கொடுப்பதில்லை. பலர் ஏமாறுவது இங்கேதான். ஒரு தரநிலை ‘ரெகக்னைஸ்டு’ என்றால், அதன் விதிகள் பொது அளவுகோலுடன் ஒத்துப்போகின்றன என்று மட்டுமே பொருள். சான்றளிக்கும் நிறுவனம் ‘அக்ரெடிட்டட்’ என்றால்தான் அது தணிக்கை செய்யும் முறையும் சோதிக்கப்பட்டிருக்கிறது. மூன்று நிறுவனங்களிடமும் இதில் எது என்று எழுத்தில் கேளுங்கள். பதிலைக் கவுன்சிலின் இணையப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். நேரில் வராமல், நீங்கள் நிரப்பும் படிவத்தை மட்டும் வைத்துச் சான்றிதழ் தருவோரை ஒதுக்கிவிடலாம். 2026 செப்டம்பர் 27 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், முறையான சான்றளிப்புத் திட்டத்தின் அடிப்படையில் இல்லாத, அரசு அமைப்புகளும் உருவாக்காத பசுமை முத்திரைகளை நுகர்வோரிடம் காட்டத் தடை வருகிறது. சொந்தமாக வரைந்த இலைச் சின்னம் இனி அங்கே உதவாது.

பணம் கட்டும் முன் அளக்கத் தொடங்குங்கள். ஓராண்டுப் பதிவு கையில் இருந்தால் தணிக்கை பாதி முடிந்த மாதிரி. தண்ணீர் மீட்டரை மாதந்தோறும் ஒரே தேதியில் குறியுங்கள். ஒரு மாதத்தில் 180 கன மீட்டர் செலவாகி, 600 விருந்தினர்-இரவுகள் பதிவாகியிருந்தால், ஒருவருக்கு ஓர் இரவுக்கு 300 லிட்டர். இரண்டு பேர் மூன்று இரவு தங்கினால் அது ஆறு விருந்தினர்-இரவு. இதை மூன்று என்று எழுதிவிட்டால் கணக்கு முழுவதும் கெட்டுவிடும். நிரம்பிய அறைகளின் எண்ணிக்கையையும் தனியே குறித்து வையுங்கள், ஏனெனில் ஹோட்டல் துறையின் கார்பன், தண்ணீர்க் கணக்கு முறைகள் அதைத்தான் வகுஎண்ணாகக் கொள்கின்றன.

தோட்டத்துக்கும் பணியாளர் குடியிருப்புக்கும் துணை மீட்டர் வைப்பது நல்லது. அது இல்லையென்றால் கசிவு எங்கே என்று தெரியாது. கார்பன் கணக்கில் அடிக்கடி விடுபடுபவை ஜெனரேட்டர் டீசலும் வெளியே கொடுத்துத் துவைக்கும் துணிகளும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். மின்சாரத்துக்கு உங்கள் நாட்டின் மின்கட்டமைப்புக்கான உமிழ்வுக் காரணியையே, அதாவது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு என்று சொல்லும் எண்ணையே, பயன்படுத்துங்கள். வேறு நாட்டுக் காரணியைப் போட்டால் விடை பல மடங்குகூட மாறலாம்.

சுற்றுச்சூழல் கோப்பு தடிமனாகவும் சமூகக் கோப்பு காலியாகவும் இருப்பதைத் தணிக்கையாளர்கள் நிறையப் பார்க்கிறார்கள். ஊதியப் பதிவேடு, உள்ளூர்க் கொள்முதல் பில்கள், பணியாளர் ஒப்பந்தங்கள், பயிற்சி வருகைப் பதிவு எல்லாம் வேண்டும். இணையத்தில் எடுத்த கொள்கை அறிக்கையைச் சுவரில் மாட்டிப் பயனில்லை. அறை சுத்தம் செய்பவரிடமே தணிக்கையாளர் கேள்வி கேட்பார்.

விலைப்புள்ளிகளை ஒப்பிடும்போது முதல் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். தணிக்கையாளரின் பயணச் செலவு, ஆண்டுக் கட்டணம், இடைக்காலத் தணிக்கை, குறைகளைச் சரிசெய்த பின் நடக்கும் மறு ஆய்வு ஆகியவை அதில் அடங்குமா என்று கேட்டு, சான்றிதழின் முழுக் காலத்துக்கும் ஆகும் மொத்தச் செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள்.