எத்தனை படி?

அன்புள்ள ஐயா,

பெங்களூரில் இருக்கிறோம். ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு வீட்டில் நான்தான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். "வாசற்படியில் உட்கார்ந்து படி, அப்பா சொன்னபடி முடித்துவிடு" என்றால், "எத்தனை படிம்மா!" என்று அலுத்துக்கொண்டே போய் உட்காருகிறாள். ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் இருந்தால் கற்பவர்களுக்கு எளிதாக இருக்காதா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அலுத்துக்கொண்டாலும் போய் உட்கார்ந்துவிடுகிறாள் அல்லவா? அப்படியென்றால் அவளுக்குக் குழப்பமே இல்லை. வாசலும் 'உட்கார்ந்து'ம் பக்கத்தில் நின்று எந்தப் படி என்று காட்டிவிடுகின்றன. ஆங்கிலத்தில் சாக்லெட்டும் பார், வக்கீல்கள் கூட்டமும் பார். அதற்கு அவள் அலுத்துக்கொள்ள மாட்டாள்.

தொல்காப்பியம் இதைப் பேசியிருக்கிறது. பலபொருள் ஒருசொல்லை அது இரண்டாகப் பிரிக்கிறது: வினையால் பொருள் தெளிவது, தெளியாதது. உரைகளில் வரும் எடுத்துக்காட்டு 'மா'. மா பூத்தது என்றால் மரம், மா ஓடியது என்றால் குதிரை. மா விழுந்தது என்றால்? இரண்டும் விழும். அங்கே மாமரம் என்று விளக்கிச் சொல்லிவிட வேண்டும். இன்றைக்கும் நாம் செய்வது இதுதான்.

படிக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்தது அளக்கிற படி. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. களத்தில் கூலியை நெல்லாக அளந்து கொடுத்த காலத்தில் குடும்பத்தின் சாப்பாடே அதில்தான். பிழைக்க வழி செய்பவரைப் 'படியளப்பவர்' என்று சொல்வது அதனால்தான். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது தி.மு.க. கடைகளில் கிலோ வந்துவிட்ட பிறகும் மேடையில் பேசப்பட்டது படிதான். இன்று பல வீடுகளில் அந்தப் பாத்திரம் இல்லை. ஆனால் சம்பளப் பட்டியலில் அகவிலைப்படியும் பயணப்படியும் இருக்கின்றன. தானியம் போய்ப் பணம் வந்தாலும், உழைப்பவருக்கு அளந்து கொடுப்பது என்ற எண்ணம் அந்தச் சொல்லில் இருப்பதாகவே நான் பார்க்கிறேன். ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று வெட்டிவிட்டால் இந்த வரலாறெல்லாம் போய்விடும்.

ஒன்றில் மட்டும் அவளுக்கு உதவி தேவைப்படலாம். தூசி படிகிறது, பெண் படிக்கிறாள். படிந்தது, படித்தாள். ஏவலில் இரண்டும் 'படி'தான், காலம் காட்டும்போது பிரிந்துவிடும். இதைப் பொருள் பட்டியலாக எழுதி மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். வாக்கியமாகச் சொல்லுங்கள், அவளையும் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம், அடுத்த முறை ஊருக்கு வரும்போது சந்தைக்கு அழைத்துப் போங்கள். "விலை படியலை" என்று யாராவது சொல்வதை அவளே கேட்டுப் பிடித்துக்கொள்வாள்.